புள்ளிக்கு அப்புறம்

குழாய்க்கடை ரவுண்டு முதலாளி தையல்காரம்மாவுக்குத் தரவேண்டியிருந்த கடன் ஏழாயிரத்து நானூற்றுப் பதினெட்டும் அறுபது காசும். ஏழாயிரம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மேசை இழுப்பறையில் கையை விட்டால் வந்துவிடும். அந்த அறுபது காசுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

காரணம், மனிதர் காசு பார்க்காதவர். எந்த பில் மேசைக்கு வந்தாலும் காதில் செருகியிருக்கும் சிவப்புப் பேனா கீழே இறங்கும். புள்ளியைத் தேடும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை ஒரே இழுப்பில் அடித்துவிட்டு மறுபடி காதுக்கு ஏறிவிடும். "புள்ளிக்கு அப்புறம் வர்றதெல்லாம் சில்லறைப்பா. அத எண்ணிக்கிட்டு இருந்தா மனுஷன் எப்ப சம்பாதிக்கிறது?" என்பார். கொடுக்க வேண்டியதிலும் வெட்டு, வர வேண்டியதிலும் வெட்டு. ஆகையால் இதில் அநியாயம் எதுவும் இல்லை என்பது அவர் கட்சி. கல்லாப்பெட்டியில் நாணயம் போடும் தட்டைக்கூடக் கழற்றி, அதில் வாஷர்களை அளவு வாரியாகப் பிரித்துப் போட்டு வைத்திருந்தார். பிளம்பர்கள் அவருக்கு ரவுண்டு முதலாளி என்று பெயர் வைத்தது இதனால்தான். ஆளோ ஒட்டடைக்குச்சி. பெயரைக் கேட்டுவிட்டு வரும் புது ஆட்கள் கடைக்குள் ஒரு தொப்பைக்காரரைத் தேடி ஏமாறுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரைதான். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம் கிடையாது. சொல்லாமல் விட்டால்தான் நாள் நகராது. சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியைக் கட்டி, தெருத்தெருவாக வாஷர் விற்ற ஆள். இன்றைக்கு இரண்டு தெருவுக்கும் வாசல் வைத்த கடை, லாரி நுழையும் கிடங்கு. லேசில் வந்துவிடுமா இதெல்லாம்? "நான் படிச்சது ஆறு. எங்கிட்ட சம்பளம் வாங்குறவங்கள்ல நாலு பேர் பட்டதாரி. கூட்டிக் கழிச்சுப் பாத்துக்க" என்று எதிரில் இருப்பவரின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவார்.

சும்மா சொல்லக்கூடாது, தொழிலில் கெட்டி. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் தலையைச் சாய்த்து ஒரு நொடி நிற்பார். எங்கோ சொட்டும் சத்தம் கேட்டுவிட்டால் போதும், சட்டைக் கையை மடித்துக்கொண்டு குளியலறைக்குள் நுழைந்துவிடுவார். "ஏங்க, துக்கம் கேக்க வந்த எடத்துல குழாய முறுக்குறீங்களே!" என்று கூட வந்த தம் வீட்டுக்காரி பல்லைக் கடித்தால், "துக்கம் நாளாக நாளாக ஆறிடும்டீ. குழாய் தானா ஆறாது" என்று உள்ளேயிருந்து பதில் வரும். நசுங்கிப்போன வாஷரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டுவார். "பாரு, இத்தனூண்டு. இதாலதான் தொட்டியே காலி."

இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அந்த விஷயத்தில் கோட்டை விட்டார்.

எதிர்க்கடைக்காரர் இணையதளம் வைத்தார் என்பதற்காக இவரும் வைத்தார். கட்டிக் கொடுத்தவர், பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே தொழில் செய்யும் ஒரு பெண்மணி. முதலாளி அவருக்குச் சூட்டிய பெயர் கம்ப்யூட்டரம்மா. மாதக் கடைசியில் அவரிடமிருந்து பில் வரும். தளத்துக்கு வாடகை, புதுக் குழாய்களின் படம் ஏற்றிய கூலி. மூன்றாவது வரியாக, 'பிரேம்வொர்க் பேக்கேஜ் அப்டேட், 4.1.6-இலிருந்து 4.1.7, அரைநாள் வேலை'. முதல் தடவை அதைப் பார்த்ததும் முதலாளி, கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி போனைப் போட்டார்.

"ஏம்மா, ஒரு நம்பருக்கு ரெண்டு புள்ளியா? நான் ஆறாவதுதான், ஒத்துக்கறேன். ஆனா எங்க வாத்தியார் ஒரு நம்பருக்கு ஒரு புள்ளின்னுதான் சொல்லிக் குடுத்தாரு."

"அது விலை இல்ல சார், வெர்ஷன். உங்க தளத்த நான் தரையில இருந்து கட்டல. ரெடிமேடா ஒரு பிரேம் கிடைக்கும், அதுமேல கட்டியிருக்கேன். அத செஞ்சவங்க எங்கயோ இருக்காங்க, அவங்கதான் அத பராமரிக்கிறாங்க. முதல் நம்பர் மாறுனா பிரேமே புதுசு. நடு நம்பர் மாறுனா ஏதோ வசதி சேத்திருக்காங்க. கடைசி நம்பர் மாறுனா பெரும்பாலும் எங்கயோ ஓட்டைய அடைச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"ஓட்டைய அடைக்கிற பசை நம்மகிட்டயே டப்பா டப்பாவா இருக்கே. ஒண்ணு அனுப்பி வைக்கட்டுமா?"

கடையே சிரித்தது. பேனா இறங்கியது. இரண்டாவது புள்ளிக்குப் பின்னால் இருந்த ஏழை அடித்தது. கை நிற்கவில்லை, வரி முழுவதையும் அடித்துவிட்டுத்தான் காதுக்குப் போனது. "ஆறு ஏழா ஆச்சாம், அதுக்கு அரைநாள் கூலியாம்! நான் வாஷர் வித்த காலத்துல அரைநாள் கூலிக்கு ஒரு மலையவே பேத்திருப்பேன்."

அவர் பக்கமும் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஒருமுறை நடு நம்பர் மாறியபோது கம்ப்யூட்டரம்மா தாமாகவே அப்டேட் போட்டுவிட்டார். அன்று காலை முழுக்க ஆர்டர் பட்டன் அசையவில்லை. அழுத்தி அழுத்திப் பார்த்த பிளம்பர்கள் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். முதலாளி காய்ச்சி எடுத்துவிட்டார். "ஓடுறத ஏம்மா நோண்டுறீங்க? இனிமே நான் சொல்லாம கை வைக்காதீங்க." கம்ப்யூட்டரம்மா கை வைக்கவில்லை. மாதாமாதம் அந்த ஒரு வரி மட்டும் வரும். மாதாமாதம் சிவப்புக் கோடு விழும்.

கடைசியாக ஒருநாள் கம்ப்யூட்டரம்மா பில்லுக்குக் காத்திருக்காமல் போனிலேயே கூப்பிட்டார். "சார், இது மத்ததுமாதிரி இல்ல. இந்த ஓட்டை வழியா பாஸ்வேர்ட் இல்லாமலே யாரு வேணா உள்ள போய் ஆர்டர் பக்கத்தப் பாக்கலாம். புது நம்பர்ல அடைச்சிட்டாங்க. அடைச்சத எல்லாருக்கும் அறிவிச்சும் விட்டாங்க. அறிவிச்சா திருடனுக்கும்தானே தெரியும், ஓட்டை எங்க இருக்குன்னு? இனிமே அடைக்காம வச்சிருக்கிறவங்கதான் மாட்டுவாங்க. ஒரு அரைநாள் குடுங்க."

முதலாளி அப்போது மொத்த வியாபாரிகள் நாலைந்து பேர் நடுவில், சைக்கிள் பெட்டிக் கதையின் பாதியில் இருந்தார். "வர்ற மாசம் பாத்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டு, சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "தளத்துக்குள்ள யாரோ பூந்துருவானாம். பூந்தா என்ன? உள்ள தங்கமா இருக்கு, குழாய்தானே! பாத்துட்டுப் போகட்டும்."

அந்தச் சிரிப்பு அடங்கிச் சில வாரம் கழித்துத்தான் தையல்காரம்மா கடைப்படி ஏறினார்.

கடையில் கூட்டம் நெரியும் காலை நேரம். கழுத்தில் அளவு நாடா, புடவை மடிப்பில் நூல் துணுக்குகள். தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்போல இருந்தார். அவர் கணவர் பக்கவாதத்தில் விழுந்து மெல்ல எழுந்து நடப்பவர். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள், உட்கார்ந்து குளிக்க ஒரு பலகை, கையில் பிடித்து ஊற்றிக்கொள்ளக் கைக்குழாய் என்று தளத்தில் ஆர்டர் கொடுத்து, பாதிப் பணம் முன்னதாகவே கட்டியிருந்தார்.

"முதலாளி, மிச்சத்தையும் போன வாரமே அனுப்பிட்டேன். சாமான் இன்னும் வரலையே. அவரு சுவத்தப் புடிச்சுக்கிட்டுதான் நடக்கிறாரு, பயமா இருக்கு."

கல்லாக்காரர் கணக்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வரலையேம்மா."

"அதெப்படி? உங்க கடையில இருந்துதானே போன் பண்ணாங்க. எத்தன கம்பி, என்ன நீளம், எல்லாம் சொன்னாங்க. மணி வேலை செய்யாது, பின்கதவத் தட்டணும்னு நாங்க எழுதியிருந்ததக்கூட சொன்னாங்க. பாக்கி ஏழாயிரத்து நானூத்துப் பதினெட்டு, அறுபது காசு, இன்னிக்கே அனுப்புனா நாளைக்கு வண்டி வந்துரும்னு ஒரு கணக்கு நம்பர் குடுத்தாங்க. அனுப்பிட்டேன்."

அறுபது காசு என்று காதில் விழுந்ததும் முதலாளிக்குக் கிடைக்காதது கிடைத்த சந்தோஷம். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"கேட்டீங்களாப்பா? அறுபது காசாம்! இந்தக் கடையில என்னிக்காவது எவனாவது காசுக்கணக்குப் பாத்திருக்கானா?" பிளம்பர்கள் சிரித்தார்கள். "அம்மா, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் விசாரிச்சுட்டு வந்து சொல்லணும்."

அந்தம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து முதலாளி சற்று இறங்கிவந்தார், அதாவது இறங்கிவந்ததாக நினைத்துக்கொண்டார். "சரி, நீங்க பொய் சொல்லலன்னே வச்சுக்குவோம். உங்க வீட்டுப் பின்கதவு வெளியாளுக்கு எப்படிம்மா தெரியும்? ஆர்டர் போட்டது யாரு?"

"என் தம்பி. பெயிண்ட்டரா இருக்கான். அவன் போன்லதான் போட்டோம்."

"அப்புறம் என்ன? வீட்டுல போய்க் கேளுங்க."

அந்தம்மா அளவு நாடாவின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு இறங்கிப் போனார். அன்று சாயங்காலம்வரை வந்தவர் போனவரிடமெல்லாம் முதலாளி அந்தக் கதையைச் சொன்னார். "அறுபது காசு" என்ற இடத்தில் குரலைக் கீச்சென்று மாற்றிச் சொன்னார்.

இரண்டு நாள் போனது. ஒரு பிளம்பர் வந்தார். தம் வாடிக்கையாளர் ஒருவருக்கும் இதேபோல் போன் வந்ததாகச் சொன்னார். நல்லவேளை, அவர் பணம் அனுப்பவில்லை. மதியத்துக்குள் இன்னொருவர். முதலாளி பேனாவைக் காதிலிருந்து எடுத்தார், வைத்தார், எடுத்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் கம்ப்யூட்டரம்மா வீட்டு மாடிப்படி ஏறினார். வேலைக்காரர்களைக் கூப்பிட்டனுப்பித்தான் அவருக்குப் பழக்கம். தேடிப் போய்ப் பழக்கமில்லை.

சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் பிள்ளைகளின் நோட்டுகள், மறு மூலையில் லேப்டாப், நாற்காலி முதுகுகளில் காய்ந்துகொண்டிருக்கும் துணிகள். கம்ப்யூட்டரம்மா ஒரு நாற்காலித் துணியை எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தார்.

"காலையில இருந்து அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன் சார். யாரோ உள்ள வந்து ஒவ்வொரு ஆர்டரா புரட்டிட்டுப் போயிருக்காங்க. பேரு, விலாசம், போன் நம்பர், பாக்கி, கீழ எழுதியிருந்த குறிப்பு, எல்லாம் போயிருக்கு."

"பூட்ட ஒடைச்சா?"

"ஒடைக்க அங்க பூட்டே இல்ல சார். அந்த நம்பர்ல அது இல்ல. புது நம்பர்ல இருக்கு."

முதலாளி துணி ஈரம் பட்ட நாற்காலிக் கையைத் தடவினார். கடைசியாகத் தம்மிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். "அந்தம்மா அறுபது காசுன்னு சொன்னாங்க. நம்மகிட்ட ஏது காசுக்கணக்கு?"

கம்ப்யூட்டரம்மா விசைகளைத் தட்டினார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். தையல்காரம்மாவின் ஆர்டர் பக்கம். கம்பி, பலகை, கைக்குழாய். அடியில், பாக்கி 7,418.60.

"தளம் வரியெல்லாம் சேத்துக் காசு வரைக்கும்தான் சார் கணக்குப் போடும். பணம் உங்க கைக்கு வந்தப்புறம்தான் உங்க ஆளுங்க காச விடுறாங்க. நீங்க தளத்தத் திறந்து பாத்ததே இல்லையா?"

அவர் பார்த்ததே இல்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட தம் தளத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். மேலே பெரிய எழுத்தில் அவர் கடைப்பெயர். கீழே அந்த அறுபது. எதை வைத்து ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்றாரோ, அது அவர் வீட்டுச் சரக்கு.

"இது எதிர்க்கடைக்காரன் வேலையா இருக்குமோ?" என்றார் ஈனசுரத்தில். அப்படி இருந்தால்கூட ஓர் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இல்ல சார். வந்தவனுக்கு நீங்க யாருன்னே தெரியாது. எந்தத் தளம் பழைய நம்பர்ல ஓடுதுன்னு தேடிக்கிட்டே இருக்க ஒரு புரோகிராம் வச்சிருப்பான். வலைவீசுறமாதிரி. அதுல நீங்களும் சிக்கிட்டீங்க."

தொழில் பொறாமையால் வந்த எதிரிகூட இல்லை. இவ்வளவு பெரிய கடைக்காரரை ஒருவன் பெயர் தெரியாமலேயே கொள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறான். அவர் கம்ப்யூட்டரம்மாவின் முகத்தையே பார்த்தார். திட்டுவார், 'அன்னிக்கே சொன்னேனே' என்பார், தாமும் பதிலுக்குக் கத்தலாம் என்று காத்திருந்தார். அவரோ துணியை மடித்துக்கொண்டே, "நானும் விட்டுட்டேன் சார். உங்ககூட மல்லுக்கட்ட முடியாம, கோடு போட்டா போடட்டும்னு விட்டுட்டேன். விட்டிருக்கக்கூடாது" என்றார். அதற்கு முதலாளியால் கத்த முடியவில்லை.

"புது நம்பர இப்பவே போட்டுட்டேன், கேட்காமதான். இனிமே உள்ள வர முடியாது. ஆனா போனது போனதுதான். எல்லா வாடிக்கையாளருக்கும் நாம சொல்லணும் சார்."

"சொன்னா கடை பேர் போயிடும்மா."

"சொல்லலைன்னா அவங்க பணம் போயிடும்."

முதலாளி செய்தியைச் சொல்லச் சொல்ல கம்ப்யூட்டரம்மா தட்டினார். 'எங்கள் தளத்தில் ஏற்பட்ட ஒரு சின்னக் கோளாறால்' என்று முதலாளி தொடங்கியதும் விரல் நின்றது. "சின்னன்னு போட மாட்டேன் சார்." அந்தச் சொல் இல்லாமலேயே செய்தி போனது.

அன்றிலிருந்து முதலாளி முன்கடையில் உட்காருவதில்லை. கிடங்கில், குழாய்க்கட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பிரியாத அட்டைப்பெட்டிகளை எண்ணுவதாகப் பாவனை செய்தார். யாராவது கூப்பிட்டால் "ம்" என்பார். சைக்கிள் பெட்டிக் கதை நின்றுபோனது. வீட்டில் ஒரு குழாய் சொட்டியது. கேட்டும் கேட்காதவர்போல் படுத்திருந்தார். வீட்டுக்காரி எழுந்துபோய்த் தானே முறுக்கிவிட்டு வந்து, "நீங்க முறுக்காத குழாய இப்பதான் பாக்குறேன். போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

தாமாகப் போகத் தெம்பில்லை. பத்தாயிரத்தை உறையில் போட்டுக் கல்லாக்காரரிடமும், சாமான்களை வண்டியிலும் கொடுத்தனுப்பினார். சாமான் இறங்கியது. உறை திரும்பி வந்தது.

"வாங்க மாட்டேங்கிறாங்க முதலாளி. உங்க முதலாளிக்குக் கால் இல்லையான்னு கேட்டாங்க."

கால் இருந்தது. மறுநாள் காலையில் பின்கதவைத் தட்டினார், மணி வேலை செய்யாது என்று தெரிந்திருந்ததால். உள்ளே தையல் இயந்திரத்தின் சத்தம் நின்று, கதவு திறந்து, மறுபடி தொடங்கியது. அந்தம்மா உட்காரச் சொல்லவில்லை. ஒரு சட்டையின் கைக்குழியைத் திருப்பித் திருப்பி ஊசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து குழறிய குரலில் "யாரு?" என்று கேட்டது. "கடைக்காரரு" என்றார் அந்தம்மா.

கூடத்தை ஒட்டிய குளியலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளியின் தலை தன்னால் சாய்ந்தது, கை சட்டைக் கையை மடிக்கத் தொடங்கியது.

"அத விடுங்க" என்றார் அந்தம்மா, நிமிராமலே.

அவர் மடிப்பை இறக்கிவிட்டார். உறையை இயந்திரத்தின் ஓரத்தில் வைத்தார். "தப்பு என்னுதுதாம்மா. ரவுண்டா பத்தாயிரமா வச்சுக்கங்க."

"எம்பணம் எவ்வளவு?"

"ஏழாயிரத்துச் சொச்சம்..."

"சொச்சம் எவ்வளவு?"

முதலாளி உறையைச் சற்று அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் சொல்றேன். நானூத்துப் பதினெட்டு, அறுபது காசு. அது என்னுது. மேல இருக்கிறது எதுக்கு? வாய அடைக்கிறதுக்கா?" இயந்திரம் நின்றது. "பணம் போனா தச்சு சம்பாதிச்சுக்குவேன் முதலாளி. உங்க பேச்சக் கேட்டு வந்து, வீட்டுல நின்னுக்கிட்டு, 'நீ எடுத்தியாடா'ன்னு என் தம்பியக் கேட்டுட்டேன். போன எடுத்து இந்த மெஷின் மேல வச்சான். 'பாத்துக்கக்கா'ன்னு சொல்லிட்டுப் போனவன்தான். வேலை நடக்கிற கட்டடத்துலயே படுத்துக்கிறான். அவன் வாங்கிக் குடுத்த மெஷின் இது. இத எந்தக் கணக்குல சேப்பீங்க? இதுக்கு ரவுண்டா எவ்வளவு?"

திரைக்குப் பின்னால் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும் அரவம் கேட்டது. முதலாளி தம் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சுக் குடுங்க. நான் அவனக் கூட்டிக்கிட்டு இப்பவே வர்றேன்" என்றார் அந்தம்மா. உறையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கடையில் அதே நெரிசல், அதே பிளம்பர்கள். கிடங்குக்குப் போகாமல் முன்கடையில் வந்து நின்ற முதலாளியைப் பார்த்துச் சத்தம் கொஞ்சம் தணிந்தது. அக்கா படியேறி வந்தார். தம்பி வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைத் தூசு, காலர் கிழிந்த வேலைச்சட்டை. வரச்சொல்லி முதலாளி கையைக் காட்டினார். அவர் அசையவில்லை. முதலாளிதான் இறங்க வேண்டியிருந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, படிவரை வந்தார்.

"எல்லாரும் கேளுங்கப்பா." குரல் அவருடையதுபோலவே இல்லை. "அன்னிக்கு இந்த அம்மாவ நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். சிரிச்சீங்க. இவங்க பொய் சொல்லல. இவங்க தம்பி ஒரு காசு தொடல. ஓட்டை என் கடையில. அடைக்கணும்னு அந்தக் கம்ப்யூட்டரம்மா மாசாமாசம் எழுதுனாங்க. நான்தான் சில்லறைன்னு அடிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் கையிலிருந்த வளைவுக் குழாயைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தார்.

முதலாளி உறையைப் பிரித்து அக்காவிடம் நீட்டினார். அவர் தலையசைத்தார். "என் கையில வேணாம். அவன் கையில குடுங்க."

பெயிண்ட்டர் சற்று யோசித்தார். பிறகு வலது கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். எவ்வளவு துடைத்தாலும் போகாத வெள்ளை, ரேகைகளுக்குள் காய்ந்து கிடந்தது. முதலாளி எண்ணினார், வாய்விட்டு. ஏழாயிரம். நானூறு. பத்து. அதற்குமேல் எட்டு. சின்ன நோட்டாக எட்டு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. பிறகு கல்லாவைப் பார்த்துத் திரும்பி, "அறுபது காசு எடு" என்றார்.

கல்லாக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, தலையைத் தூக்காமல் சொன்னார். "தட்டுல வாஷர்தான் இருக்கு முதலாளி."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார். "யார்கிட்டயாவது சில்லறை இருக்காப்பா?"

"இந்தக் கடையிலதான் காசுக்கணக்கே கிடையாதே முதலாளி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அது வந்த திசையைப் பார்த்து அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்பதுபோல. வயதான பிளம்பர் ஒருவர் பையைத் துழாவி, குழாய் மரையில் சுற்றும் டேப்பும் மரத்தூளும் ஒட்டிய இரண்டு நாணயங்களை எடுத்துக் கொடுத்தார். ஓர் ஐம்பது, கடைகளில் வாங்காமல் போய்ப் பையிலேயே தங்கிவிட்ட ஒரு பத்து.

முதலாளி ஐம்பதை நோட்டுகளின்மேல் வைத்தார். பத்துக் காசு கையில் வழுக்கியது. வாஷரைவிடச் சின்னதாக இருந்தது. குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. குனிந்தபோது காதிலிருந்த சிவப்புப் பேனா நழுவிப் படியில் விழுந்து தெருப்பக்கம் உருண்டது. அதை எடுக்கப் போகாமல், அந்தப் பத்துக் காசைப் பெயிண்ட்டரின் விரித்த கையில் நோட்டுகளின்மேல் வைத்து, விழுந்துவிடாதபடி ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.